பதற்றமின்றி இருந்த பிள்ளை

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கெசட் அக்கா'. கல்வித் துறையிலிருந்து எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் அந்தப் பாலர் பள்ளியில் முதலில் படிப்பவர் அவர்தான். பெரும்பாலும் கடைசியாகப் படிப்பவரும் அவர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மற்றவர்கள் கண் அயர்வார்கள். இவர் கைப்பேசித் திரையில் முன்பருவக் கல்வித் தரநிலைகளின் திருத்திய பதிப்பை விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்துக்கொண்டு வருவார். மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்பார்:

"கெசட் அக்கா, இன்னைக்கு அரசாங்கம் என்ன மாத்திச்சு? நாங்க உக்காரலாமா, நிக்கணுமா?"

"படிச்சுப் பாரேன், உனக்கும்தானே அனுப்பியிருக்காங்க."

"நீங்க இருக்கும்போது நான் எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கணும்?"

சிரித்துக்கொண்டே சுருக்கத்தைச் சொல்லிவிடுவார். அந்தப் பள்ளி முழுவதும் அவருடைய சுருக்கத்தில்தான் ஓடியது.

அவர் அப்படிப் படித்ததற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில், ஒரு கடைக்கு மேல் மாடியில் நடந்த தனியார் மழலையர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். காற்று வராத அறை. மூன்று வயதுப் பிள்ளைகள் விரல் மரத்துப்போகும்வரை எழுத்து எழுதினார்கள். தலைமை ஆசிரியையின் கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல். அது மேசையில் தட்டும் ஓசைக்கே சிறுநீர் கழித்துவிடும் ஒரு பிள்ளையை இவர்தான் தினமும் கழுவிவிடுவார். ஐந்து வயதுக்கு முன் எழுத வைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று அரசு முதன்முதலாகத் தரநிலை வெளியிட்டபோது, அந்தத் தாளைத் தேடிப் பிடித்துத் தலைமை ஆசிரியையின் முன் வைத்தவர் இவர். அந்த அம்மா ஏளனமாகச் சிரித்தார்தான். ஆனால் ஆய்வுக்கு ஆள் வரும் என்ற வரியைப் படித்ததும் ஸ்கேல் மேசைக்குள் போயிற்று. திரும்ப வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அச்சிட்ட தாள்மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. சாமி கும்பிடாத மனிதர்; வாழ்க்கையில் அவர் வைத்த ஒரே நம்பிக்கை அதுதான். அந்த நம்பிக்கைதான் பின்னாளில் அவரைக் கவிழ்த்தது.

பட்டயப் படிப்பை முடித்து, அரசு உதவி பெறும் இந்தப் பாலர் பள்ளிக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நேர்மறை மொழி வந்தது.

பயிற்சி அரங்கில் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துச் சொன்னார்கள்: இனிமேல் பிள்ளைகளைப் பற்றிய மதிப்பீட்டில் 'தெரியாது', 'முடியாது', 'இல்லை' ஆகிய சொற்களுக்கு இடமே கிடையாது. ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகள்: விதை, தளிர், மொட்டு, மலர். விதைக்குக் கீழே எதுவும் கிடையாது. முளைக்காத விதைக்கு அதில் கட்டம் போடவில்லை.

இதைக் கொண்டுவந்தவர்களின் எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் ஆசிரியர்கள் மதிப்பீட்டில் எழுதிய சொற்களைப் பார்த்தால் வயிறு எரியும். நாலு வயதுப் பிள்ளையை 'மந்தம்' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அந்த அசிங்கத்தைத் துடைக்கத்தான் புதிய விதி வந்தது. துடைக்கும்போது கண்ணாடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பள்ளியின் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு அன்று முதல் 'நேர்மறை மேடம்' என்று பெயர் நிலைத்தது. ஆசிரியர் அறையில் கொஞ்ச நாள் அதுவே பொழுதுபோக்கு. பக்கத்து வகுப்பு டீச்சர் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு அறிக்கை வாசிப்பார்.

"என் மாமியார், என் சமையலைப் பற்றிய தன் கருத்தைத் தயக்கமின்றி வெளிப்படுத்துகிறார். மலர் நிலை. என் வீட்டுக்காரர், சம்பள நாளில் திரவப் பொருள்களில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டுகிறார். மொட்டு நிலை."

"மொட்டுதானா?"

"இன்னும் ரோட்டுல விழல அக்கா. விழுந்தா மலர்."

எல்லோரும் சிரித்தார்கள். கெசட் அக்காவும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, அந்த மொழியை மற்ற எவரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டார். 'ஓடி ஓடி எல்லாரையும் கடிக்கிறான்' என்று யாராவது வந்து நின்றால், 'தன் உணர்வுகளை உடல்வழியாக வெளிப்படுத்துகிறான்' என்று மாற்றித் தருவார். மாவட்டக் கூட்டத்தில் அவர் எழுதிய மதிப்பீடுகளைத் திரையில் போட்டு மாதிரியாகக் காட்டினார்கள்.

அந்த ஆண்டுதான் முட்டைக்கண்ணி வந்து சேர்ந்தாள். மூன்று வயது. முகத்தில் பாதி கண். யார் அருகில் வந்தாலும் அந்தக் கண்ணை விரித்து முகத்தையே பார்ப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப் பட்டி தைப்பவர். தந்தை வெல்டர், வேலை இருக்கும் ஊர்களில் இருப்பார். நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் இருந்துவிட்டு வரும் தாய்க்கு, வீட்டில் சத்தம் போடாத பிள்ளை ஒரு வரமாகத்தான் தெரிந்திருக்கும்.

முட்டைக்கண்ணியைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கெசட் அக்கா எழுதினார்: 'தன் செயலில் ஆழ்ந்து ஈடுபடுகிறாள்.' கதை சொல்லும்போது எழுந்து போய் மரக்கட்டைகளை அடுக்குவாள். 'தனக்கு விருப்பமானதைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கிறாள்.' பேச்சு கிடையாது. பிடித்து இழுப்பாள், சுட்டிக்காட்டுவாள், தரையை உள்ளங்கையால் தட்டிச் சிரிப்பாள். 'சைகைகள் மூலம் வளமாகத் தொடர்புகொள்கிறாள். தளிர் நிலை.' மற்ற பிள்ளைகள் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள். 'சக பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்துக் கற்கிறாள். மலர்.'

தாய் அந்த அறிக்கைகளை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருந்தார். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது, வாசலில் நின்று சில சமயம் கேட்பார்:

"டீச்சர், இவ எப்பதான் பேசுவா?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம் இருக்கும்மா. அஞ்சு வயசுக்கு முன்னாடி ஒரு பிள்ளைய இன்னொரு பிள்ளையோட ஒப்பிடக் கூடாதுன்னு புதுத் தரநிலைல தெளிவாப் போட்டிருக்காங்க."

"அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாராம்."

"பாத்தீங்களா?"

பாத்தீங்களா என்று கேட்டவர் பார்க்கவில்லை. ஒன்றரை ஆண்டு அப்படியே ஓடியது.

பிறகு பாதுகாப்புத் தரநிலை வந்தது. ஒவ்வொரு பாலர் பள்ளியிலும் அபாயச் சங்கு பொருத்தி, வெளியேறும் பயிற்சி நடத்த வேண்டும். பள்ளிகளுக்கு அரசு தரும் நட்சத்திர மதிப்பீட்டில் அதற்கும் மதிப்பெண் உண்டு. சங்கைக் கழிவறைக்குப் போகும் நடைவழியில், கூரைக்குச் சற்றுக் கீழே பொருத்தினார்கள். பயிற்சியன்று நேர்மறை மேடமே வந்து வாசலில் நின்றார்.

சங்கு அலறியது. நாய் ஊளையிடுவதைப் போல, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து ஆட்டும் சத்தம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, கத்திக்கொண்டு, வெளியே மரத்தடிக்கு ஓடினார்கள். அக்கா தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

உள்ளே ஓடினார். நடைவழியில் காலடி வைத்ததுமே அவரால் காதைப் பொத்தாமல் இருக்க முடியவில்லை. சங்குக்கு நேர் கீழே, கைகழுவும் தொட்டியில், முட்டைக்கண்ணி குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். விழும் தண்ணீரை விரலால் இரண்டாகப் பிரித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பின்பற்றுவதற்கு அங்கே வேறு பிள்ளை யாரும் இல்லை. அவளாக இருந்தாள், அவ்வளவுதான். அக்காவின் நிழல் சுவரில் விழுந்தபோதுதான் திரும்பினாள். கண்ணை விரித்து, முகத்தைப் பார்த்து, ஈரக் கையை நீட்டிச் சிரித்தாள்.

அக்கா குழாயை மூடினார். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

நேர்மறை மேடம் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இவளுக்குக் காது கேக்கல மேடம்."

"என்னங்க இது, நீங்களே இப்படிப் பேசலாமா? நீங்க என்ன டாக்டரா?"

"சங்கு அவ தலைக்கு மேல அலறுது. ஒரு அசைவு இல்ல."

"பதறல. அது நல்ல விஷயம்தானே? 'அவசர நேரத்திலும் பதற்றமின்றி இருந்தாள்'னு போட்டுடுவோம்." மேடம் ஒரு நொடி யோசித்தார். "மலர் நிலையே குடுக்கலாம்."

கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கெசட் அக்காவை உலுக்கியது அதுதான். அந்த வாக்கியம் தான் எழுதியதைப் போலவே இருந்தது. கொஞ்சம் மாற்றினால் மாவட்டக் கூட்டத்தில் திரையில் போடலாம்.

அன்று மதியம் முழுவதும் அவர் முட்டைக்கண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். கை தட்டினார். மூடியால் வாளியை அடித்தார். அவள் பெயரைக் கத்தினார். வகுப்பிலிருந்த அத்தனை முகங்களும் திரும்பின, ஒன்றைத் தவிர. ஒன்றரை ஆண்டில் எந்த நாளும் செய்திருக்கக்கூடிய காரியம். எந்தத் தரநிலையும் அதைச் செய்யச் சொல்லவில்லை; ஆகவே அவருக்குத் தோன்றவில்லை.

நோய், குறைபாடு எதையும் ஆசிரியர் நேரடியாகப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது, மேற்பார்வையாளர் வழியாகத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. "நட்சத்திர மதிப்பீடு முடியட்டும், அனுப்புறேன்" என்றார் மேடம். விதிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அந்தப் பெண் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விதியை மீறினார். மாலை வாசலில் தாயை நிறுத்திச் சொன்னார்.

தாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளையின் பையைத் திறந்து, அந்த மாதம் கொடுத்திருந்த அறிக்கையை எடுத்து நீட்டினார்.

"அப்ப இது என்ன டீச்சர்?"

"நான் எழுதினதுதான்."

"இதப் படிச்சுட்டு எங்க தையல் லைன்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். என் பொண்ணு கெட்டிக்காரி, ஒரு வேலையில உக்காந்தா அசைய மாட்டான்னு. கேக்காதவ எப்படி அசைவா? சொல்லுங்க! எனக்குத் தெரியாது, நான் ஆறாங்கிளாஸ். உங்களுக்குமா தெரியல?"

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். அந்த அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. பிள்ளை ஆழ்ந்து விளையாடினாள், உண்மை. சைகை காட்டினாள், உண்மை. வரிக்கு வரி உண்மை, மொத்தமும் பொய்.

மருத்துவமனைக்குத் தாய் போனபோது அக்காவும் போனார். யாரும் அழைக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி பொருத்தலாம், அரசுத் திட்டத்தில் செலவில்லாமல். ஆனால் நான்கு வயது முடிவதற்குள் பதிவு செய்திருக்க வேண்டும். இவளுக்கு நான்கரை.

பரிசோதனை அறைக்கு வெளியே நடைவழிச் சுவரில், பழுத்துப்போன ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அக்காவின் கண் வழக்கம்போல அதில் போய் நின்றது. மூன்று வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் செவிப் பரிசோதனை செய்ய வேண்டும், பாலர் பள்ளிகள் ஒத்துழைக்க வேண்டும். முட்டைக்கண்ணி பள்ளியில் சேருவதற்கு முன்பே வெளியிட்டது. சுகாதாரத் துறை, சுகாதாரத் துறைக்கு அனுப்பிக்கொண்டது. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மேல்மாடியில் பிள்ளையின் மனம் புண்படாமல் எழுதுவது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். கீழ்மாடியில் அதே பிள்ளையின் காதுக்கு ஆணை போட்டுத் தங்கள் மருத்துவமனைச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் ஒரு மாடிப்படி. அதில் இறங்கி வர ஒரு தாளுக்குக் கால் இல்லை. எல்லாத் தாளையும் படித்தவர் என்று பெயரெடுத்த பெண், அந்த ஒரு தாளை அன்றுதான் படித்தார்.

திட்டக் குழுவின் எழுத்தர் ஒரு வழி சொன்னார். வயது கடந்த பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் தாமதம் குடும்பத்தின் அலட்சியத்தால் வரவில்லை, பள்ளி தவறாகத் தெரிவித்ததால்தான் வந்தது என்று பள்ளியோ வகுப்பாசிரியரோ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நேர்மறை மேடம் வேறு கடிதம் தயாரித்து வைத்திருந்தார். 'பெற்றோருக்கு வாய்மொழியாகப் பலமுறை எடுத்துரைக்கப்பட்டது.' கீழே அக்கா கையெழுத்துப் போட இடம்.

"யாரு எடுத்துரைச்சா மேடம்?"

"உக்காருங்க. கோபப்படாம கேளுங்க. நம்ம மதிப்பீடு தப்புன்னு நாமே எழுதினா நட்சத்திரம் போயிடும். நட்சத்திரம் போனா உதவித்தொகை போயிடும். இந்த இடத்த மூடிட்டு அடுத்த பேட்டைல கொண்டுபோய்ச் சேத்துடுவாங்க. இங்க வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேரு அப்புறம் எங்கயும் போக மாட்டாங்க, வீட்டுலதான் கிடப்பாங்க. ஒரு பிள்ளைக்காக மத்ததையெல்லாம் தெருவுல விடச் சொல்றீங்களா?"

அதில் உண்மை இருந்தது. அந்த மாதிரி உண்மையைக் காட்டித்தான் ஏழைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: உன் பிள்ளையா, அடுத்த வீட்டுப் பிள்ளையா? அப்படி ஒரு கணக்கை ஏழையின் முன் வைத்தவன் யார் என்று கேட்க மட்டும் விடமாட்டார்கள்.

வீட்டில் கணவர், முதுகுத்தண்டு அடிபட்டு வேலையை விட்டுப் படுத்தவர், விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"நீ எழுதினத நீயே தப்புன்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துல உன்ன வாசல்படி ஏத்துவான்?"

"எவனும் ஏத்த மாட்டான்."

"தெரிஞ்சேதான் பண்றியா?"

"ஆமா."

"நான் என்ன நிலை, விதையா?" என்றார் அவர். ஆசிரியர் அறைக் கதைகளெல்லாம் அவருக்குத் தெரியும். "எந்திரிக்க முடியாதவனுக்கு உங்க ஆளுங்க என்ன எழுதுவாங்க?"

"ஓய்வெடுப்பதில் ஆழ்ந்த ஈடுபாடு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா மேசையில் உட்கார்ந்து எழுதினார். நான்கே வரி. முதல் வரி: 'இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. நான் கவனிக்கவில்லை. பெற்றோரிடம் சொல்லவில்லை.' பல ஆண்டுகளாக அவர் எழுதாத 'இல்லை', ஒரே வரியில் மூன்று தடவை வந்தது.

குழு விலக்கு அளித்தது. ஆனால் கோப்பு நகர்ந்து, வரிசை வந்து, முட்டைக்கண்ணி அறுவை சிகிச்சை மேசையில் படுத்தபோது ஐந்து வயது தாண்டிவிட்டது. மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் நல்ல காலம் போய்விட்டது, சத்தம் கேட்கும், பேச்சு எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கருவியை முதன்முதலில் இயக்கியபோது அவள் அலறிக்கொண்டு காதைப் பிய்த்தாளாம். அக்கா அங்கே இல்லை. தாய் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

பள்ளியின் நட்சத்திரம் குறைந்தது, பள்ளி மூடப்படவில்லை. அக்காவை நீக்கிவிட்டார்கள். ஆணை நேர்மறை மொழியில் வந்தது: 'தங்கள் அனுபவத்தைப் புதிய தளங்களில் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு இதன்மூலம் தங்களுக்கு வழங்கப்படுகிறது.'

புதிய தளம் என்பது பஸ் நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையாக அமைந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை. இயந்திரத்தின் சூட்டில் வலது கை மட்டும் கருத்துப்போயிற்று.

ஒரு மாலை தாயும் பிள்ளையும் அந்த வழியாக வந்தார்கள். முட்டைக்கண்ணியின் காதுக்குப் பின்னால் கருவி, முடிக்குள் ஒரு வட்டம். அக்கா கடைப் படியிலிருந்து இறங்கி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை திரும்பினாள்.

"எல்லாத்துக்கும் திரும்புவா," என்றார் தாய். "ஹாரன் அடிச்சாலும் திரும்புவா, கதவு சாத்தினாலும் திரும்புவா. உங்க குரலும் அவளுக்கு அதேதான்."

"பயிற்சிக்கு ஆள் வேணும்னா, சாயங்காலம் நான்..."

"வேணாம் டீச்சர்." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "நீங்க எழுதிக் குடுத்ததாலதான் இதாவது கிடைச்சுது. அது எனக்குத் தெரியும். ஆனா உங்களப் பாத்தா அலமாரிக் கதவுதான் ஞாபகம் வருது."

பிள்ளையைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பிள்ளை பின்னால் திரும்பி, கண்ணை விரித்து, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஆண்டு தரநிலைகளை மறுபடி திருத்தினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் கைப்பேசியில் கோப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அக்கா, ஒரு பிரிண்ட் போடுங்க. அப்படியே என்ன இருக்குன்னு சுருக்கமாச் சொல்லிடுங்க. நேர்மறை மேடம் நாளைக்குக் கேள்வி கேப்பாங்க."

தாள்கள் சூடாக வந்து விழ விழ அக்கா நின்றபடியே படித்தார். கண்ணின் பழக்கம் போகவில்லை. விதை, தளிர், மொட்டு, மலர் போய்விட்டன. இப்போது விடியல், இளங்காலை, முற்பகல், நண்பகல். இரவுக்குக் கட்டம் இல்லை. விலக்க வேண்டிய சொற்களின் பட்டியல் அப்படியே இருந்தது, இரண்டு சொற்கள் கூடியிருந்தன. செவிப் பரிசோதனை என்று தேடினார். கடைசிப் பக்கம்வரை தேடினார்.

தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்.

"சொல்லுங்க அக்கா, முக்கியமா என்ன?"

"வர்ற ஒவ்வொரு பிள்ளையையும் முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிடு. சேர்ந்த வாரமே. திரும்பலன்னா அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லு."

டீச்சர் பக்கங்களைப் புரட்டினார். "இதுலயா போட்டிருக்கு?"

"இல்ல," என்றார் கெசட் அக்கா.